வணிகப் பட்டம்: வன்னியிலேயே படிப்பதா, வெளியே போவதா?

உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்து, பெறுபேறும் வந்து, இனி எந்தப் பல்கலைக்கழகம் என்று குழம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைவிட அதிகம் குழம்பியிருக்கும் தாய் தகப்பனும் வாசிக்கலாம். நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தைச் சேர்ந்தவள். நான் விண்ணப்பித்த ஆண்டில் எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். அதில் பாதி பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகளும் அம்மாவின் சங்கிலியும் தேவைப்பட்டன. தம்பியின் முறை வந்தபோது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதிவைத்தேன். அந்தக் கொப்பிதான் இது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மாமி தொலைபேசியில் அம்மாவிடம், "சொந்த மாநிலத்தில் படித்தால் கட்டணம் குறைவுதானே, ஏன் பிள்ளையைத் தூர அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டார். அங்கே அப்படித்தான். அரச பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துப் பிள்ளையிடம் ஒரு கட்டணமும், வெளி மாநிலத்துப் பிள்ளையிடம் அதைவிட மிகக் கூடிய கட்டணமும் வாங்குகின்றன. இங்கே முல்லைத்தீவுப் பிள்ளை வவுனியாவில் படித்தாலும் மாத்தறையில் படித்தாலும் அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. அறை, சாப்பாடு, பஸ் இவைதான் செலவு. அதனால் "பக்கத்தில் என்றால் மலிவு" என்று கணக்குப் பார்க்காமல் முடிவெடுத்துவிடாதீர்கள்.

1. உங்கள் மாவட்டம் எது என்று உறுதிசெய்யுங்கள்

இதில்தான் எங்கள் பகுதிப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வணிகப் பிரிவுக்கான இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகிறது. 55 வீதம் சனத்தொகையின்படி மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்த 16 இல் அடங்கும். யாழ்ப்பாணமும் அடங்கும்.

பாடசாலை மூலம் தோற்றிய பிள்ளைக்கு மாவட்டம் என்பது வீடு இருக்கும் மாவட்டமாகத்தான் இருக்கும் என்றில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எங்கே படித்தீர்களோ அதுதான் கணக்கு. தேவைப்படும் புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால் இது முக்கியம். இரண்டு மாவட்டங்களில் படித்திருந்தால் எதில் கூடிய காலம் படித்தீர்களோ அது. சாதாரண தரம் வரை முள்ளியவளையில் படித்துவிட்டு, நல்ல ரியூசன் இருக்கிறதென்று உயர்தரத்துக்கு யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்குப் போன பிள்ளை யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளையாகத்தான் எண்ணப்படும். அடையாள அட்டையில் முள்ளியவளை என்று இருப்பது இதற்கு உதவாது. என் ஒன்றுவிட்ட சகோதரிக்கு இது விண்ணப்பப் படிவத்தைத் திறந்த அன்றுதான் தெரியவந்தது. அழுதாள், ஒன்றும் செய்ய முடியவில்லை. யாழ்ப்பாணம் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாதாரண தரத்தில் தம்பி தங்கச்சி இருந்தால், பாடசாலை மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

2. வெட்டுப்புள்ளியை மூன்று ஆண்டுகளுக்கு எழுதிப் பாருங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் பாடநெறி, பல்கலைக்கழகம், மாவட்டம் என்று பிரித்து வெட்டுப்புள்ளிகளை, அதாவது இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளிகளை, வெளியிடுகிறது. அதன் இணையத்தளத்தில் பழைய ஆண்டுகளினதையும் பார்க்கலாம். உங்கள் மாவட்ட நிரலை மட்டும் எடுத்து, கடைசி மூன்று ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓர் ஆண்டை மட்டும் பார்த்து நம்பவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். முல்லைத்தீவு, மன்னார் போன்ற சிறிய மாவட்டங்களுக்கு ஒரு பாடநெறியில் சில இடங்கள்தான் வரும். நன்றாகச் செய்த இரண்டு மூன்று பிள்ளைகள் கூடினாலோ குறைந்தாலோ புள்ளி ஏறி இறங்கும்.

"இரண்டு ஏ, ஒரு பீ எடுத்தவருக்கு அங்கே கிடைத்தது" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இசட் புள்ளி என்பது அந்தப் பாடத்தை எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளி. ஒரே தரங்களை எடுத்த இருவருக்கும் அது வேறாக இருக்கலாம். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் சித்தி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி வேண்டும் என்பதைத்தான் மறந்துபோகிறார்கள்.

3. எங்கே என்ன இருக்கிறது

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. ஆணைக்குழுவின் பழைய அனுமதிக் கைநூல்களை இரவல் வாங்கிப் பார்ப்பவர்கள் அதை யாழ்ப்பாணத்தின் கீழே தேடுகிறார்கள், கவனம். பம்பைமடு வளாகம் வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் சுமார் 10 கிலோமீற்றர். வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. செயற்றிட்ட முகாமைத்துவம் அங்கே உள்ள பாடநெறிகளில் ஒன்று. கைநூலில் "முகாமைத்துவக் கற்கைகள் டீ.வீ." என்று ஒன்றைக் காண்பீர்கள். தொலைக்காட்சிப் படிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அது திருகோணமலையையும் வவுனியாவையும் குறிக்கும் எழுத்துகள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வியாபார நிர்வாகமும் வணிகமாணியும் திருநெல்வேலியில் நடக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளவை பொறியியல், விவசாயம், தொழில்நுட்ப பீடங்கள். "கிளிநொச்சியில்தானே வீடு, அந்த வளாகத்துக்கே போய்வருவாள்" என்று திட்டம் போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வணிகம் அங்கே இல்லை.

கிழக்கில் திருகோணமலையிலும் வந்தாறுமூலையிலும் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மற்றப் பக்கம் ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு, களனி, ருகுணு, வயம்ப, சப்ரகமுவ, மிகிந்தலையில் ரஜரட்ட. வரைபடத்தை ஒரு தரம் விரித்துப் பாருங்கள். வவுனியாவில் இருக்கும் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர் அளவு. மிகிந்தலை அதில் பாதிகூட இல்லை. மனத்தில் "எங்கள் பக்கம்" என்று இருப்பது வீதியில் தூரமாக இருக்கலாம்.

மொழியைப் பற்றி: முகாமைத்துவப் பட்டங்களில் பெரும்பாலானவை ஆங்கில மொழியில்தான் நடக்கின்றன, யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும்கூட. ஆகவே ஆங்கிலத்துக்குப் பயந்து வன்னியில் நிற்பதில் பொருளில்லை. தெற்கே போனால் விரிவுரை ஆங்கிலத்திலும் வராந்தாப் பேச்சு சிங்களத்திலும் இருக்கும். குழுவாகச் செய்யும் ஒப்படைகளில் அது உங்களைக் களைக்க வைக்கும். முதல் அரையாண்டு நான் கூட்டங்களில் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன். வவுனியாவிலும் சிங்கள மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள் என்பதால் அங்கேயும் கொஞ்சம் சிங்களம் கைகொடுக்கும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: பட்டயக் கணக்காளர், கணக்காய்வு என்று போக நினைப்பவர் கொழும்புப் பக்கம் முயல்வது நல்லது. பயிற்சி கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கேதான். பட்டத்தோடு சேர்த்துத் தொழில்சார் பரீட்சைகளையும் எழுதலாம். வங்கி, அரச வேலை, சொந்தத் தொழில் என்று நினைப்பவர் அதற்காக வீட்டையும் வயலையும் விட்டுத் தூரம் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

4. செலவைக் கொப்பியில் போடுங்கள்

அப்பாவோடு இருந்து இதைச் செய்யுங்கள். தனியே செய்தால் பஸ் காசு மட்டும்தான் எழுதுவீர்கள்.

2024 இல் தம்பி கொழும்புப் பக்கத்தில் இன்னும் மூவரோடு சேர்ந்து அறை எடுத்தான். ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய். முற்பணம் மூன்று மாதம். அதாவது புத்தகம் ஒன்று வாங்குவதற்கு முன்பே 30,000 போய்விட்டது. சாப்பாடு மூன்று நேரமும் கடையில் என்றால் மாதம் 25,000 இல் நிறுத்துவது கஷ்டம். அச்சுப் பிரதி, டேட்டா, சவர்க்காரம் வேறு. எல்லாமாக மாதம் 40,000 ஐத் தொட்டது. சமைக்க விடும் வீட்டுக்காரர் கிடைத்த பிறகு குறைந்தது. அறை பார்க்கும்போது சமைக்கலாமா என்று கேளுங்கள். வாடகையில் ஆயிரம் ரூபாய் கூடினாலும் அந்த வீட்டையே எடுங்கள்.

அரசின் மகாபொல உதவித்தொகையை நம்பி அறை எடுக்காதீர்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 இலிருந்து 7,500 ரூபாயாகவும், மற்ற நிதியுதவி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. நல்லதுதான். ஆனால் தெரிவு நடந்து, வங்கிக் கணக்கு சரிபார்த்து, முதல் தவணை கைக்கு வரும்வரை மாதங்கள் ஓடும். அந்த மாதங்களைச் சமாளிக்கத்தான் எங்கள் வீட்டில் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. பெரும்போக நெல் வெட்டிக் காசு வருவது மாசி, பங்குனியில். பல்கலைக்கழகம் உங்கள் நெல்லைக் கேட்டுத் திறப்பதில்லை. அறுவடை நல்லாக வந்த ஆண்டிலேயே மூன்று மாதச் செலவை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது பக்கத்துப் பல்கலைக்கழகக் கணக்கு. விடுதி கொடுக்கும்போது தூரம் பார்ப்பார்கள். தூரத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை. பக்கத்து மாவட்டப் பிள்ளை பின்னால் நிற்க நேரும். விடுதிக் கட்டணம் மிகச் சொற்பம் என்பதால் அதை இழப்பது பெரிய இழப்பு. தூரத்தில் விடுதியோடு படிப்பதைவிட, பக்கத்தில் வாடகை அறையில் படிப்பது கூடுதல் செலவாகிவிடலாம். விடுதி கிடைத்தாலும் நான்கு ஆண்டும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியேறச் சொல்வது வழமை.

"தினமும் போய்வருவேன்" என்பவர்களுக்கு: முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் 50 கிலோமீற்றர் அளவு, அங்கிருந்து வவுனியா இன்னும் 45 அளவு. காலை எட்டு மணி விரிவுரைக்கு அது நடக்கிற காரியமல்ல. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். முதல் பரீட்சைக் காலத்திலேயே பாதிப் பேர் அறை தேடத் தொடங்குவார்கள். அப்படிப் போய்வருவதென்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பருவச் சீட்டுக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். தனியார் பஸ்ஸில் அதைக் காட்டி ஏற முடியாது.

வீட்டுக்கு எத்தனை தரம் வருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். வவுனியாவிலிருந்து வெள்ளி பின்னேரம் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. மாத்தறையிலிருந்து என்றால் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கும் தைப்பொங்கலுக்கும் வந்தால் பெரிய காரியம். நான் இரண்டு வற்றாப்பளைப் பொங்கலைப் பரீட்சைக்காகத் தவறவிட்டேன். அம்மா இன்னும் சொல்லிக்காட்டுவார்.

5. விருப்ப வரிசையைச் சூதாட்டமாக்காதீர்கள்

விண்ணப்பத்தில் பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். உங்கள் முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதுமா என்று பார்ப்பார்கள், போதாவிட்டால் அடுத்தது. அவ்வளவுதான். ஒன்றை முதலில் எழுதியதற்காகப் புள்ளி கூட்டித் தரப்படாது. கடைசியில் எழுதியதற்காகக் குறைக்கப்படவும் மாட்டாது.

இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "கிடைக்கக்கூடியதை மேலே போடு பிள்ளை, பெரியதைப் போட்டால் இரண்டும் போய்விடும்" என்று ஒருவர் சொன்னார். நானும் ஆசைப்பட்டதை நான்காவதாகப் போட்டேன். வெட்டுப்புள்ளி வந்த அன்று பார்த்தால், ஆசைப்பட்டதற்கே என் புள்ளி போதும். எனக்குக் கிடைத்ததோ முதலாவதாக எழுதிய இடம். ஆகவே உண்மையில் எதை விரும்புகிறீர்களோ, அதை அந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

போகவே மாட்டேன் என்று தெரிந்த இடத்தை எழுத வேண்டாம். அது கிடைத்து, நீங்கள் பதியாமல் விட்டால் அந்த ஆண்டு வீண். அதேபோல் பதிவு செய்தபின் அடுத்த தடவைப் பெறுபேற்றை வைத்து மாறுவதற்குக் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. மறுபடி பரீட்சை எழுதும் எண்ணம் இருந்தால் கைநூலில் அந்தப் பகுதியைப் பதியும் முன் வாசியுங்கள். பெண் பிள்ளையைத் தூர அனுப்புவதா என்ற வாக்குவாதத்தையும் குறியீடு எழுதும் முன் வீட்டில் முடித்துவிடுங்கள். தெரிவான பிறகு "அங்கே விடமாட்டோம்" என்று சொன்ன வீடுகளில் பிள்ளைக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

6. ஆவணங்கள்: பெறுபேறு வரும்வரை காத்திருக்காதீர்கள்

இப்போது உயர்தரம் எழுதும் பிள்ளைகளில் பலர் 2007, 2008, 2009 இல் பிறந்தவர்கள். அந்தப் போர்க்காலத்தில் எங்கள் பகுதியில் பிறந்தவர்களின் கடதாசிக் கதை எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு மூலப் பிரதி இடப்பெயர்வில் போய்விட்டது. சிலருக்குக் காலங்கடந்த பதிவு. பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்க வேண்டும். இடம்பெயர்ந்திருந்தபோது வேறு மாவட்டத்து வைத்தியசாலையில் பிறந்திருந்தால் எந்தச் செயலகத்தில் எடுக்கலாம் என்று முதலில் கேளுங்கள். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று பிரதிகளாக எடுத்துவிடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்விக்க வேண்டும்.

அடுத்த பொறி பெயர். அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், பெறுபேற்றுத் தாளில் இன்னொன்று. என் பெயரில் ஒரு 'எச்' கூடியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி முடித்து, பஸ் ஏறி, இரண்டு நாள் போனது. எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக இன்றே ஒப்பிடுங்கள்.

மற்றவை: அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை படித்தீர்கள் என்ற அதிபரின் உறுதிப்படுத்தல், கிராம அலுவலர் சான்றிதழ், நற்சான்றிதழ், புகைப்படங்கள், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. நிதியுதவிக்கு வருமானப் படிவம். கிராம அலுவலர் ஒப்பமிட்டு, பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்த வேண்டும். கிராம அலுவலர் வாரத்தில் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் மூன்று தரம் போனேன். அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

7. காலம்

2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கியது, வெள்ளத்தால் இடையில் நின்று தொடர்ந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் 26 இல் வந்தது. ஐந்து மாதம். பெறுபேற்றுக்குப் பிறகு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில வாரங்கள்தான். பிறகு வெட்டுப்புள்ளி, பதிவு, வகுப்பு என்று மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு. அவசரமும் ஆறுதலும் இப்படி மாறி மாறி வரும். ஆறுதலான மாதங்களில் ஆங்கிலம் படியுங்கள், முடிந்தால் கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் பரீட்சைகளில் முதற்படியைத் தொடங்குங்கள். கடைசி நாளில் இணையத்தில் விண்ணப்பிக்க இருக்காதீர்கள். மழை பெய்தால் எங்கள் பக்கத்தில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும்.

8. இடம் கிடைக்காவிட்டால்

உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா நான்கு ஆண்டுகள். வேலைக்கு மதிப்புள்ள படிப்பு. திறந்த பல்கலைக்கழகத்துக்கு வவுனியாவில் நிலையம் உண்டு, முகாமைத்துவப் பட்டமும் உண்டு. ஆனால் கட்டணம் கட்ட வேண்டும். தனியார் நிறுவனம் என்றால் பட்டத்தை வழங்குவது யார், அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தை வைத்து நம்பாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட சில தனியார் பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லாக் கடன் இருக்கிறது. வட்டி இல்லையே தவிர, கடன் தொகை உங்கள் தலையில்தான்.

9. போகும்போது

முதல் மாதத்துக்கு வீட்டுச் சாப்பாட்டை நினைத்து அழுவதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், எல்லோரும் அழுவார்கள். பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்; யாராவது எல்லை மீறினால் வீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் உடனே சொல்லுங்கள். எங்கள் ஊர்ச் சிரேஷ்ட மாணவர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைப் போகும் முன்பே எடுத்துவையுங்கள். அறை தேடுவதற்கு அவர்தான் வழி.

இரவு ரயிலில் அல்லது பஸ்ஸில் போவதென்றால் வாளி, பாய், தலையணையை மேலே போடலாம். ஆவணக் கோப்பு மட்டும் உங்கள் மடியில் இருக்கட்டும். பதிவு மேசையில் முதலில் கேட்பது அதைத்தான்.